ரிசல்ட் ஷீட்டில் கையெழுத்து விழும் முன்

கேள்வி: “போன ஊராட்சித் தேர்தலில் எங்க சித்தப்பா தலைவர் பதவிக்கு நின்னு, விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டில் தோத்துட்டார். மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டோம். ‘முடிவு அறிவிச்சாச்சு, போங்க’ன்னு அனுப்பிட்டாங்க. இன்னைக்கும் ஊரில் ரெண்டு தரப்புக்கும் அதே சண்டைதான். அடுத்த தேர்தலில் என்னை எண்ணிக்கை முகவரா போடறதா சொல்றாங்க. நான் என்ன தெரிஞ்சு வெச்சிருக்கணும்?”
பாலக்கோடு ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகர்

தம்பி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் குறைவு என்பது மட்டுமே மறு எண்ணிக்கைக்குக் காரணம் ஆகாது. பத்து ஓட்டில் தோற்றாலும் சரி, ஒரே ஓட்டில் தோற்றாலும் சரி. ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் 2008-ல் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 2004-ல் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி தோற்றதும் ஒரே ஓட்டில்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் வந்தால் தானாகவே மறுபடி எண்ண வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படி ஒரு வரம்பு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. இங்கே கேட்டால்தான் உண்டு. எழுத்தில் கேட்க வேண்டும், காரணத்தோடு கேட்க வேண்டும், அதற்கென்று உள்ள சில நிமிடங்களுக்குள் கேட்க வேண்டும்.

உங்கள் சித்தப்பா விஷயத்தில் கைநழுவிப் போனது அந்தச் சில நிமிடங்கள்தான் என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு 1961-ம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் பொருந்தும். அதில் 63-வது விதி மறு எண்ணிக்கையைப் பற்றியது. கடைசிச் சுற்று எண்ணி முடித்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய மொத்த ஓட்டை வாசிப்பார். அது இன்னும் ‘முடிவு’ ஆகவில்லை. வாசித்த பிறகு, படிவம் 20 என்கிற ரிசல்ட் ஷீட்டில் அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் வேட்பாளரோ, அவர் இல்லாவிட்டால் அவருடைய தேர்தல் முகவரோ, எண்ணிக்கை முகவர்களில் ஒருவரோ மறு எண்ணிக்கைக்கு மனுக் கொடுக்கலாம். எல்லா ஓட்டையும் எண்ணச் சொல்லலாம், ஒரு பகுதியை மட்டும் எண்ணச் சொல்லவும் செய்யலாம். அங்கே இருக்கும் வேட்பாளர்களுக்கும் தேர்தல் முகவர்களுக்கும் இதைக் கேட்க நியாயமான வாய்ப்புத் தந்த பிறகே அலுவலர் கையெழுத்திட வேண்டும் என்று விதியே சொல்கிறது. மனு வந்தால் அவர் ஏற்கலாம், பாதியை ஏற்கலாம், காரணமற்றது என்று தள்ளலாம். எதைச் செய்தாலும் காரணத்தை எழுதித் தர வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்கப்புறம் எந்த மனுவையும் அவரால் வாங்க முடியாது. ஊராட்சித் தேர்தல் தனிச் சட்டத்தின்படி நடந்தாலும் அங்கேயும் முறை ஏறக்குறைய இதுதான்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் விருதுநகரில் விஜய பிரபாகரன் 4,379 ஓட்டில் மாணிக்கம் தாகூரிடம் தோற்றதும் தேமுதிக மறு எண்ணிக்கை கேட்டுத் தேர்தல் ஆணையத்துக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் சொன்ன காரணங்கள் சரியா தவறா என்பது வேறு பேச்சு. முடிவு அறிவித்த பிறகு கலெக்டரோ ஆணையமோ ஓட்டுகளைத் திரும்ப எண்ணச் சொல்ல முடியாது. அந்தக் கதவு உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான் திறக்கும். பெரிய கட்சிகளே இதில் தடுமாறும்போது ஊராட்சி வேட்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே முதல் வேலை: மனுவை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். எண்ணும் அறைக்குள் செல்போன் விடமாட்டார்கள். பேனாவும் வெள்ளைத்தாளும் போகும். தேதி, தொகுதி அல்லது ஊராட்சியின் பெயர், வேட்பாளர் பெயர் எல்லாம் எழுதி, காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு இரண்டு பிரதி வைத்திருங்கள். காரணம் அன்று மேசையில் கிடைப்பதை வைத்து எழுத வேண்டியது. “முறைகேடு நடந்துள்ளது, மறுபடி எண்ணவும்” என்று எழுதினால் அது நிற்காது. இப்படி எழுத வேண்டும்: “9-வது சுற்று, மேசை எண் 4, வாக்குச்சாவடி எண் இது. 17சி படிவத்தின்படி பதிவான ஓட்டு 712. கன்ட்ரோல் யூனிட் காட்டிய மொத்தம் 721. உடனே மேற்பார்வையாளரிடம் சொன்னோம், பதில் இல்லை. இந்தச் சாவடியின் விவிபாட் சீட்டுகளை எண்ணக் கோருகிறோம்.” (எண்கள் உதாரணத்துக்கு.) ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்ட நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அங்கேயே இருக்கும் தேர்தல் பார்வையாளரிடம் கொடுங்கள். மறுத்த நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த 17சி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘சர்கார்’ படம் வந்த பிறகு, நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டாலும் ஓட்டுப் போட வழிதரும் 49பி விதி பட்டிதொட்டியெல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் எண்ணிக்கை நாளில் கை கொடுக்கும் காகிதம் 17சி. ஓட்டுப்பதிவு முடிந்ததும் சாவடித் தலைமை அலுவலர் அதில் எத்தனை ஓட்டு பதிவானது, எந்த எண்ணுள்ள இயந்திரம், என்ன முத்திரை எண் என்று எழுதி, அங்கே இருக்கும் ஒவ்வொரு பூத் ஏஜென்டுக்கும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு அலுப்பில் பாதிப் பேர் அதை வாங்காமலே கிளம்பிவிடுகிறார்கள். வாங்கியவர்கள் சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிடுகிறார்கள்.

நம் தருமபுரி மாவட்டத்தில் இதற்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2024 தேர்தலிலும் கழுதை மேல் ஏற்றித்தான் இயந்திரம் போனது. மலையிலிருந்து இறங்கி, வண்டி மாறி, செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி ஸ்ட்ராங் ரூமுக்கு வந்து, வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்து, ஒரு காலையில் உங்கள் மேசைக்கு வருகிறது. மலையில் இருந்த பெட்டிதான் மேசைக்கு வந்த பெட்டி என்பதை உங்கள் கண்ணால் உறுதி செய்துகொள்ள ஒரே வழி, அன்று பூத் ஏஜென்ட் வாங்கிய நகலில் இருக்கும் எண்ணையும் மேசையில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். எண் ஒத்துப்போனால் அந்தச் சாவடி பற்றிய பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால், ரிசல்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே சொல்லுங்கள். அழுத்தி முடிவு தெரிந்த பிறகு எழும் ஆட்சேபணையை யாரும் மதிக்க மாட்டார்கள். மதிக்காததும் நியாயம்தான்.

இன்னொன்று: லீட் மாறினால் உடனே சந்தேகப்படாதீர்கள். 2024-ல் தருமபுரியில் தொடக்கச் சுற்றுகளில் பாமகவின் சௌமியா அன்புமணி முன்னிலையில் இருந்தார். கடைசியில் திமுகவின் ஆ. மணி 21,300 ஓட்டில் ஜெயித்தார். “காலையில் ஜெயித்தவர் மாலையில் எப்படித் தோற்பார்?” என்று அன்று பலர் கேட்டார்கள். ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் பொதுவாகப் பதினான்கு மேசை. சாவடி வரிசை எண்படி, ஒரு சுற்றுக்குப் பதினான்கு இயந்திரம். அடுத்தடுத்த எண்கள் என்றால் அடுத்தடுத்த ஊர்கள். ஒரு கட்சிக்குப் பலமான ஊர்கள் முதலில் வந்தால் முதலில் லீட், பிறகு வந்தால் பிறகு லீட். தொகுதியின் சாவடிப் பட்டியலை முந்தின நாளே ஒருமுறை படித்தால் எந்தச் சுற்றில் எந்தப் பக்கத்து ஊர் வரும் என்று உங்களுக்கே தெரியும். லீட் போனதும் முகவர்கள் எழுந்து போய்விடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கடைசிச் சுற்றில் மேசையில் யாரும் இல்லாமல், மறுநாள் மறியல் செய்து என்ன பயன்?

வித்தியாசம் மிகக் குறைவாக வரும் இடங்களில் சண்டை பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றி இருக்காது. தபால் ஓட்டைப் பற்றித்தான் இருக்கும். இதற்கு ராதாபுரத்தை விடப் பெரிய பாடம் தமிழ்நாட்டில் இல்லை. 2016-ல் அதிமுகவின் இன்பதுரை 69,590, திமுகவின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. அன்று 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டிருந்தன. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், அவர்கள் கெஜட்டட் அதிகாரிகள் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஓட்டுப் போட்டவர் உண்மையானவர், ஓட்டும் தெளிவானது, சான்றொப்பம் போட்டவருக்குத் தகுதி உண்டா என்பதில்தான் வழக்கு. அப்பாவு அதைக் குறிப்பாக எழுதி வழக்குப் போட்டார். 2019 அக்டோபர் 1-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும், 19, 20, 21-வது சுற்றுகளின் இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. அக்டோபர் 4-ம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணியும் விட்டார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஐந்து வருடமும் ஓடி முடிந்தது. ராதாபுரம் மக்கள் 2016-ல் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்க, 2021 தேர்தல் வந்துவிட்டது. அதில் அப்பாவு ஜெயித்துப் பேரவைத் தலைவர் ஆனார்.

இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. அதை நம் நீதிமன்றங்கள் கட்டாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதவிக்காலம் முடிந்த பிறகு வரும் நீதி யாருக்கு?

தென்காசியில் கதை வேறு மாதிரி. 2021-ல் காங்கிரஸின் பழனி நாடார் 370 ஓட்டில் ஜெயித்தார். அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் தபால் ஓட்டு எண்ணிக்கையைக் குறிப்பிட்டு வழக்குத் தொடர, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2023 ஜூலை 13-ல் தபால் ஓட்டுகளைத் திரும்ப எண்ணினார்கள். பழனி நாடாரின் வெற்றி நிலைத்தது. கேட்டவர் நினைத்தது நடக்கவில்லை என்றாலும் அந்த எண்ணிக்கை வீண் இல்லை. ஜெயித்தவர் மேலிருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

ராதாபுரத்திலிருந்து உங்களுக்கு வேண்டிய பாடம் இது: தபால் ஓட்டு மேசையில் உங்கள் தரப்பின் மிகக் கெட்டிக்கார முகவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது, வெளியில் நடமாட முடியாத பெரியவரை அங்கே உட்கார வைத்துவிடுகிறார்கள். தள்ளப்படும் ஒவ்வொரு உறைக்கும் என்ன காரணம் என்று குறியுங்கள். உறுதிமொழி இல்லையா, கையெழுத்து இல்லையா, சான்றொப்பம் சரியில்லையா, வரிசை எண் பொருந்தவில்லையா? மொத்தம் எத்தனை தள்ளினார்கள் என்பது அதைவிட முக்கியம். ஏனென்றால் வெற்றி வித்தியாசம் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால், முடிவு அறிவிக்கும் முன் தள்ளியவை அனைத்தையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் கட்டாய உத்தரவு. அதை வீடியோவும் எடுக்க வேண்டும். மும்பை வடமேற்கில் 2024-ல் ரவீந்திர வாய்க்கர் 48 ஓட்டில் ஜெயித்தபோது, தள்ளியிருந்த 111 தபால் ஓட்டுகளையும் திரும்பப் பார்த்த பிறகுதான் அறிவித்தார்கள். உங்கள் கையில் அந்த எண்ணிக்கை இருந்தால் நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆணையத்தின் உத்தரவைச் சொல்லி உட்கார்ந்தால் போதும்.

இனி உங்கள் ஊராட்சி. நம் மாவட்டத்தின் பத்து ஒன்றியங்கள், 251 ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டது இயந்திரத்தில் இல்லை, வாக்குச்சீட்டில். எண்ணியது 2020 ஜனவரி 2-ம் தேதி. ஒவ்வொருவரும் நான்கு நிறச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டார்கள். எண்ணும்போது நிறம் பிரித்து, கட்டுக்கட்டி, பிறகு சின்னம் பிரிக்க வேண்டும். இதில் மூன்று இடத்தில் தவறு நேரும். கட்டு கட்டும்போது ஐம்பதுக்கு நாற்பத்தொன்பதோ ஐம்பத்தொன்றோ வருவது முதல் தவறு. ஒரு சின்னத்தின் கட்டு நடுவே வேறு சின்னத்தின் சீட்டு உட்கார்ந்துவிடுவது இரண்டாவது. இவை இரண்டும் களைப்பில் வருபவை. இரவு பத்து மணிக்கு மேல் எண்ணும் கட்டுகளைக் கூர்ந்து பாருங்கள். கட்டின் மேல் சீட்டை மட்டும் பார்க்காமல் விரலால் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, செல்லாத ஓட்டு. சண்டையின் பாதி இங்கேதான். சீட்டை மடிக்கும்போது ஈரமான மை எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சின்னத்தின் மேலும் பதிந்துவிடும். பார்த்தவுடன் இரண்டு சின்னத்துக்கும் குத்தியது போலத் தெரியும். செல்லாது என்று ஒதுக்கிவிடுவார்கள். விடாதீர்கள். அந்த முத்திரை ஏன் நான்கு கை வளைந்த சுழல் வடிவில் இருக்கிறது தெரியுமா? நேராகக் குத்தியது ஒரு திசையில் சுழலும், மடிப்பில் ஒட்டியது கண்ணாடியில் பார்ப்பது போல எதிர்த் திசையில் சுழலும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது குத்தியது, எது ஒட்டியது என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். சீட்டை மறுபடி மடித்துக் காட்டினால் இரண்டு தடமும் ஒன்றன் மேல் ஒன்று விழும். ஒரே சின்னத்துக்கு இரண்டு முறை குத்தியிருந்தாலோ மை மங்கலாக இருந்தாலோ, யாருக்குப் போட்டார் என்பது தெளிவாக இருந்தால் அந்த ஓட்டும் செல்லத்தக்கதே. முத்திரைக்குப் பதில் கைரேகை வைத்தாலோ, பெயர் எழுதினாலோ, இரண்டு பேருக்குக் குத்தினாலோ அது செல்லாது. அதில் வாதம் வேண்டாம்.

முடிவு எதிராகப் போய், மனுவும் தள்ளப்பட்டால் அடுத்தது தேர்தல் வழக்கு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கு உயர் நீதிமன்றம், ஊராட்சிக்கு மாவட்ட நீதிபதி, நமக்குத் தருமபுரியில். இரண்டுக்கும் 45 நாள்தான். அதற்குப் பின் ஒரு நாள் கடந்தாலும் வழக்கு இல்லை. அதனால் சித்தப்பாவின் 2020 தோல்விக்கு இனி சட்டத்தில் வழி கிடையாது. வீட்டில் அதை நேராகவே சொல்லிவிடுங்கள். வழக்குப் போட்டால் உடனே பெட்டியைத் திறந்துவிடுவார்கள் என்றும் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டின் ஓர் ஊராட்சித் தலைவர் தேர்தல் பற்றிய வடிவேலு - சுந்தரம் வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: எந்த மேசையில், என்ன தவறு, எத்தனை ஓட்டு என்ற விவரம் மனுவில் இருக்க வேண்டும்; தேடினால் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மறு எண்ணிக்கை கேட்கக் கூடாது. ஓட்டின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

விவரம் இருந்தால் பலன் உண்டு. ஹரியானாவின் பானிபட் மாவட்டத்தில் புவானா லாக்கு என்ற கிராமத்தில் 2022-ல் நடந்த தலைவர் தேர்தலில், ஒரு சாவடியின் கணக்கில் தவறு நடந்தது என்று புகார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஆகஸ்டில் அந்த நீதிமன்றத்திலேயே இயந்திரங்களைத் திறந்து எண்ணினார்கள். 51 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு மாறியது. தோற்றவர் என்று சொல்லப்பட்டவர் தலைவரானார். இயந்திரத்தையே சந்தேகிப்பவர்களுக்கு வேறொரு வழியையும் 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள், கட்டணம் கட்டி, ஒரு சட்டமன்றப் பகுதியின் ஐந்து சதவீத இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம்.

கடைசியாக, உங்கள் ஊரில் தீராத அந்தச் சண்டை. 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரில் திமுக 137 ஓட்டிலும், மொடக்குறிச்சியில் பாஜக 281 ஓட்டிலும், தென்காசியில் காங்கிரஸ் 370 ஓட்டிலும், 2004 வரை நம் மாவட்டமாக இருந்த கிருஷ்ணகிரியில் அதிமுக 794 ஓட்டிலும் ஜெயித்தன. இந்த நான்கு இடங்களுக்கும் ஒரே அளவுகோலைச் சொல்லும் கட்சிக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. தான் தோற்ற இடத்தில் ‘மறுபடி எண்ணு’ என்பவர், தான் ஜெயித்த இடத்தில் ‘மக்கள் தீர்ப்பை மதி’ என்கிறார். யார் முன்னிலை என்று தெரிந்த பிறகு எந்த ஓட்டு செல்லும் என்று பேசத் தொடங்கினால் இந்தச் சண்டை தீரவே தீராது. எனவே எண்ணிக்கை நாள் காலையில், முதல் கட்டு பிரிப்பதற்கு முன்பு, எதிர்த்தரப்பு முகவரையும் கூட்டிக்கொண்டு அலுவலரிடம் போங்கள். செல்லும் ஓட்டு, செல்லாத ஓட்டு மாதிரிகளை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். மடிப்பில் ஒட்டிய மையை எப்படிக் கணக்கிடுவீர்கள், கோட்டின் மேல் விழுந்த முத்திரையை யாருக்குச் சேர்ப்பீர்கள் என்று இருவரும் சேர்ந்தே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை இருவர் நோட்டிலும் எழுதி, ஒருவர் நோட்டில் மற்றவர் கையெழுத்துப் போடுங்கள்.